விளக்கு எரியும் கடல்நீர்த் தொட்டிக்கு எந்த மூடி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நன்னீர்த் தொட்டி வைத்துப் பழகி, பிறகு கடல்மீன், பவளம் என்று இறங்குகிறவர்கள் உப்பு, விளக்கு, ஸ்கிம்மர் (கழிவை நுரையாக்கி நீரிலிருந்து பிரிக்கும் கருவி) பற்றியெல்லாம் ஆயிரம் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். மூடி பற்றிய கேள்வி மட்டும் முதல் மீன் தரையில் காய்ந்து கிடந்த பிறகுதான் வருகிறது. சென்னையில் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்கள் இங்கே, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே. கணக்குகளுக்கு 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டியை எடுத்துக்கொண்டிருக்கிறோம். விளிம்புவரை சுமார் 190 லிட்டர்; கல்லும் மணலும் போக 150 லிட்டர் தண்ணீர் நிற்கும்.

மூடி கண்டிப்பா வேணுமா? மேல திறந்து வெச்சாதானே அழகா இருக்கு?

வேண்டும். கடைகளில் அதிகம் விற்கும் கடல்மீன்களில் பல குதிக்கக்கூடியவை. ஃபயர்ஃபிஷ், ராஸ் வகைகள், கோபி, ஆந்தியாஸ் எல்லாம் பயந்தால் மேல்நோக்கித்தான் பாயும். கடலில் அப்படிப் பாய்ந்தால் மறுபடி தண்ணீரில்தான் விழும். வீட்டில் டைல்ஸ் தரை.

மேலிருந்து உள்ளே விழுவதையும் கணக்கில் வையுங்கள். இரவில் விளக்கைச் சுற்றிப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும். பல்லி தொட்டிக்குள் விழுந்து, பாறைக்குப் பின்னால் யாருக்கும் தெரியாமல் இரண்டு நாள் ஊறினால் அமோனியா ஏறும்.

என்கிட்ட ரெண்டு க்ளௌன் மட்டும்தான். அதுக்குமா?

க்ளௌன் மற்றவற்றைவிடக் குறைவாகக் குதிக்கும். ஆனால் ஜோடி சேரும் காலத்தில் பெரியது சிறியதைத் துரத்தும். துரத்தப்படுவது வெளியே பாயலாம். இரண்டு க்ளௌனோடு நிறுத்திக்கொள்கிறவர்களும் அரிது.

கண்ணாடி, அக்ரிலிக், வலை. மூணுல எது?

பவளம் வைத்து, மேலே எல்.இ.டி. தொங்கவிட்டிருக்கிற சென்னைத் தொட்டிக்கு வலைதான். வெளிச்சத்தை அதிகம் தடுக்காது, தண்ணீரின் சூடும் கரியமில வாயுவும் வெளியேற வழி விடும், உடையாது. மீன் மட்டும் உள்ள தொட்டி, சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) இருக்கிறது, வெளிச்சம் மிதமாகப் போதும் என்றால் கண்ணாடி நன்றாகவே உழைக்கும். அக்ரிலிக் தகட்டை முழு மூடியாகப் போடுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. காரணம் கீழே தனியாக இருக்கிறது.

எந்த மீன் என்று பார்த்து மூடி வாங்குவது வழக்கம். முதலில் எந்த விளக்கு, அது எங்கே நிற்கிறது, தண்ணீர் எவ்வளவு சூடாகிறது என்று பாருங்கள். அந்த மூன்றும் மூடியைத் தீர்மானித்துவிடும். மீனைப் பொறுத்து மாறுவது வலைக்கண்ணின் அளவு மட்டும்தான்.

கொளத்தூர் மீன்தொட்டிக் கடைல டேங்க் வாங்கும்போதே லைட் வெச்ச மூடி குடுத்தாங்க. அதையே போட்டுக்கலாமா?

வேண்டாம். அது நன்னீர்த் தொட்டிக்குச் செய்த பெட்டி மூடி. உள்பக்கம் ட்யூப்லைட் ஹோல்டரோ எல்.இ.டி. பட்டையோ தண்ணீருக்குச் சில அங்குலம் மேலே இருக்கும். ஹோல்டரின் பித்தளை முனைகள் திறந்தே கிடக்கும். கடல்நீர்த் தொட்டியில் ஸ்கிம்மரும் அலை பம்பும் நுண்ணிய உப்புத் துளிகளை ஓயாமல் எழுப்பும். அந்த முனைகளில் பச்சை பூக்கும், பிறகு கசிவு மின்சாரம் வரும். பச்சை பூத்த பித்தளையில் இருப்பது செம்பு. அது தண்ணீரில் சொட்டினால் இறாலும் பவளமும் தாங்காது.

வலைன்னா எந்த வலை? ஜன்னலுக்குப் போடற கொசுவலை போதுமா?

எல்லாக் கொசுவலையும் ஒன்றல்ல. பூச்சிமருந்து ஏற்றிய வலைகள் கடைகளில் உண்டு. பெர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற அந்த மருந்துகள் மீனுக்கும் இறாலுக்கும் மிகச் சிறிய அளவிலேயே விஷம். மருந்து இல்லாத சாதா ஜன்னல் வலையும் சரிப்படாது. கண் மிகச் சிறியது, இழை சாம்பலோ கறுப்போ. வெளிச்சத்தைக் கணிசமாகத் தின்றுவிடும். கண்களில் உப்பும் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

நிறமற்ற பாலிஎத்திலீன் அல்லது பாலிப்ரொப்பிலீன் வலை வாங்குங்கள். பால்கனியில் புறா வராமல் கட்டும் வலைக்கு நெருங்கிய உறவு, ஆனால் கண் மிகச் சிறியது. பெரும்பாலான மீன்களுக்கு 6 மி.மீ. கண் போதும். ஃபயர்ஃபிஷ், சின்ன கோபி மாதிரி பென்சில் உடம்புக்காரர்கள் இருந்தால் 3 மி.மீ. எடுங்கள். நைலான் ஈரம் குடித்துத் தொய்யும், தவிர்க்கலாம். ஃபால்ஸ் சீலிங் விளக்குகளுக்கு அடியில் போடும் கட்டம் போட்ட வெள்ளை பிளாஸ்டிக் தகட்டையும் சிலர் வைக்கிறார்கள். அதன் கட்டம் 12 மி.மீ.க்கு மேல், ஒல்லி மீன் நேராகப் போய்விடும். சாய்வாக வரும் வெளிச்சத்தையும் அதன் சுவர்கள் மறைக்கும்.

வலை மூடி வீட்டுலயே செய்ய முடியுமா?

முடியும். ஜன்னலுக்குக் கொசுவலை அடித்துத் தருகிற கடைகளில் கிடைக்கும் அதே ஃபிரேம், பிளாஸ்டிக் மூலை, வலையை ஃபிரேமின் பள்ளத்தில் இறுக்கும் ரப்பர் பீடிங், பீடிங் அழுத்தும் சின்ன உருளை ஆகியவையே பொருட்கள். தொட்டியின் மேல்வாய் நீளத்தையும் அகலத்தையும் மூன்று மூன்று இடத்தில் அளந்து, இருப்பதில் சிறிய அளவை எடுத்து, அதில் 3 மி.மீ. குறைத்து ஃபிரேமை வெட்டுங்கள். ஓரத்தில் கண்ணாடிப் பட்டை ஒட்டிய தொட்டி என்றால் ஃபிரேம் அதன் மேல் உட்காரும். பட்டை இல்லாத தொட்டிக்கு விளிம்பில் மாட்டும் பிளாஸ்டிக் கிளிப் நான்கு மூலைக்கும் வேண்டும். 3 அடிக்கு மேல் நீளம் என்றால் ஒரே மூடியாகச் செய்யாமல் இரண்டாகப் பிரியுங்கள்.

வலையை நான்கு பக்கமும் 5 செ.மீ. கூடுதலாக வெட்டி, குறுகிய பக்கத்திலிருந்து பீடிங்கை அழுத்திக்கொண்டு வாருங்கள். முரசுத் தோல் மாதிரி இழுக்கக் கூடாது. இழுத்தால் ஃபிரேமின் நீளப் பக்கங்கள் நடுவில் உள்வாங்கி, தொட்டிச் சுவருக்கும் மூடிக்கும் இடையே ஒரு விரல் சந்து விழும். கையால் தட்டினால் லேசாக அசைய வேண்டும், அவ்வளவுதான். மிச்ச வலையை பீடிங் ஓரமாகப் பிளேடால் வெட்டுங்கள்.

குழாயும் வயரும் நுழையும் மூலையில் வலையைக் கத்தரித்து விடாதீர்கள். அந்த இடத்தில் 3 மி.மீ. அக்ரிலிக் துண்டு ஒன்றைக் குழாய் அளவுக்கு வெட்டிப் பொருத்துங்கள். பெயர்ப்பலகை செய்யும் கடைகளில் லேசரில் வெட்டித் தருவார்கள். முடிந்ததும் சோப்பு போடாமல் கழுவி, ஒரு நாள் நல்ல தண்ணீரில் ஊறவைத்துவிட்டு மாட்டுங்கள்.

அலுமினியம் உப்புல அரிக்காதா? எவர்சில்வர் போட்டா?

அரிக்கும், ஆனால் எங்கே என்பது முக்கியம். பவுடர் கோட்டிங் உள்ள அலுமினியம் தண்ணீருக்கு மேலே பல வருடம் இருக்கும். வெட்டிய முனைகளில் கோட்டிங் இருக்காது. வெள்ளைப் பொடி அங்கேதான் பூக்கும். பொருத்தும் முன் முனைகளில் எப்பாக்சி தடவிக் காயவிடுங்கள். நீர்மட்டத்துக்கும் ஃபிரேமுக்கும் 3 செ.மீ. இடைவெளி வேண்டும். யு.பி.வி.சி. ஃபிரேம் கிடைத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

கம்பி வலை எதுவும் வேண்டாம். ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) வலையில் துத்தநாகம் கரையும். எவர்சில்வரில் 304 ரகம் சில மாதங்களில் பழுப்புப் புள்ளி போடும். 316 தாமதமாகப் போடும். ஸ்க்ரூ, கீல், காந்தம் எல்லாவற்றுக்கும் இதே விதி. காந்தத்தின் நிக்கல் பூச்சு ஒருமுறை கீறினால் உள்ளே துருவாகிவிடும்.

கண்ணாடிதான் போடப்போறேன். எத்தனை மி.மீ.? டஃபன்டா, சாதாவா?

3 அடித் தொட்டிக்கு 5 மி.மீ., இரண்டு துண்டாக. கண்ணாடியின் எடை, ஒரு சதுர மீட்டருக்கு ஒவ்வொரு மி.மீ.க்கும் இரண்டரை கிலோ. இந்த அளவுக்கு மொத்தம் சுமார் 5 கிலோ வரும். ஒரே தகடாக இருந்தால் ஈரக்கையோடு தூக்கும்போது கைநழுவும், அது நேரே பவளத்தின் மேல் விழும். இரண்டாகப் பிரித்து, பின்பாதியை நிரந்தரமாக வைத்து முன்பாதியை மட்டும் திறங்கள்.

டஃபன்டு (சூடேற்றிக் கடினமாக்கிய கண்ணாடி) உடைந்தால் சிறு துண்டுகளாகச் சிதறும், சாதா கண்ணாடி கத்தி மாதிரிப் பிளக்கும். குழந்தைகள் உள்ள வீட்டில் டஃபன்டுதான். ஆனால் டஃபன் செய்த பிறகு அதை வெட்டவோ துளைக்கவோ முடியாது. குழாய் வெட்டு, வயர் வெட்டு, மூலை மழுக்கல் எல்லாவற்றையும் படமாக வரைந்து, ஆர்டர் கொடுக்கும்போதே தந்துவிடுங்கள். கைப்பிடி ஒட்ட, பூஞ்சை தடுக்கும் மருந்து கலக்காத சிலிகான் வாங்கி, 48 மணி நேரம் காயவிடுங்கள். பாத்ரூமுக்கு என்று விற்பதில் பெரும்பாலும் அந்த மருந்து இருக்கும்.

அக்ரிலிக் லேசா இருக்கு, உடையாது. ஏன் வேண்டாங்கறீங்க?

வளையும். அக்ரிலிக் ஈரத்தை உறிஞ்சும். அடிப்பக்கம் எப்போதும் நனைந்தும் மேல்பக்கம் விளக்குச் சூட்டில் காய்ந்தும் இருந்தால் அடிப்பக்கம் மட்டும் விரியும். நடுப்பகுதி தொட்டிக்குள் தொய்ந்து, நான்கு மூலையும் மேலே தூக்கிக்கொள்ளும். மூலையில் விழும் அந்தச் சந்துதான் ராஸ் தேடுவது. தடிமனைக் கூட்டினால் வளைவது தாமதமாகும், நிற்காது. திருப்பிப் போட்டால் சில வாரம் நேராகி, மறுபக்கம் வளையும். பாலிகார்பனேட் இதைவிட ஈரம் குறைவாகக் குடிக்கும். ஆனாலும் ஒற்றைத் தகடு தன் எடையிலேயே தொய்யும்.

மேலே சொன்ன குழாய் மூலைத் துண்டு மாதிரி உள்ளங்கை அளவு என்றால் வளைவு தெரியாது, தாராளமாகப் போடலாம். ஆல்கஹால், அமோனியா உள்ள கண்ணாடி கிளீனரால் அதைத் துடைக்காதீர்கள். லேசர் வெட்டிய ஓரத்தில் நுண்விரிசல் ஓடும். அந்தத் திரவம் தொட்டிக்கும் ஆகாது.

மூடி போட்டா பவளத்துக்கு வெளிச்சம் குறையாதா?

கண்ணாடியில் குறையும். மேல்முகத்தில் சுமார் 4 சதவீதம், கீழ்முகத்தில் 4 சதவீதம் எதிரொளித்தே போய்விடும். சாதா கண்ணாடியின் பச்சைச் சாயல் இன்னும் கொஞ்சம் எடுக்கும். துடைத்துப் பளபளவென்று இருக்கும்போதே ஏறக்குறைய 10 சதவீத இழப்பு. இரும்புச்சத்து குறைந்த எக்ஸ்ட்ரா கிளியர் கண்ணாடி பச்சைச் சாயலைத்தான் நீக்கும், எதிரொளிப்பை அல்ல.

பெரிய திருடன் கண்ணாடி அல்ல, அதன் அடியில் படியும் உப்புப் படலம். இரண்டு வாரம் துடைக்காமல் விட்டால் மேலிருந்து பார்த்தாலே மங்கல் தெரியும். 6 மி.மீ. வலையில் இழப்பு மிகக் கொஞ்சம். விளக்கை ஒரு படி கூட்டிச் சரிசெய்துவிடலாம்.

லைட்டை மூடி மேலயே வெச்சிட்டா தொங்கவிடற வேலை மிச்சம்தானே?

விளக்கைப் பொறுத்தது. சொந்தக் கால்கள் உள்ள, தொட்டி விளிம்பில் நிற்கும் எல்.இ.டி. என்றால் சரி. விளக்கின் எடை மூடியின் மேல் இறங்கவே கூடாது. அக்ரிலிக் சூட்டில் இளகும், கண்ணாடி ஒரே இடத்தில் சூடேறி, ஒரு குளிர்ந்த துளி தெறித்தால் விரிசல் விடும். விசிறி உள்ள எல்.இ.டி. அடியிலிருந்து காற்றை இழுத்தால் ஈர உப்புக் காற்று நேராக உள்ளே போகும். வலை மூடிக்கு மேலே குறைந்தது 20 செ.மீ. உயரத்தில் தொங்கவிடுங்கள்.

பழைய மெட்டல் ஹாலைடு விளக்கு வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இரண்டு பக்கமும் முனை உள்ள பல்புக்கு வெளிக்குமிழ் கிடையாது. புற ஊதாக் கதிரைத் தடுப்பது விளக்குப் பெட்டியின் கண்ணாடிதான். அது உடைந்துவிட்டால் "தொட்டி மூடி இருக்கிறதே" என்று எரியவிடாதீர்கள். பவளம் வேகும், உங்கள் கண்ணுக்கும் கெடுதல்.

வலை ஓட்டையாத்தானே இருக்கு. லைட் அறுந்து தண்ணில விழுந்தா ஷாக் அடிக்குமே?

நியாயமான பயம். கடல்நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். மூடியை மின்பாதுகாப்பாக நினைக்கவே கூடாது, கண்ணாடியாக இருந்தாலும். விழுகிற விளக்கு கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே போகும்.

விளக்கை ஒரே கொக்கியில் தொங்கவிடாமல், தனித்தனித் திருகில் இரண்டு கம்பிக்கயிறு கொடுங்கள். 230 வோல்ட் விளக்கை விட, டிரைவர் (விளக்குக்கான மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டி) வெளியே இருந்து 24 அல்லது 48 வோல்ட் டி.சி. மட்டும் மேலே போகும் விளக்கு நல்லது. டிரைவரைத் தொட்டிக்கு மேலேயும் நேர் கீழேயும் வைக்காமல் பக்கச் சுவரில் மாட்டுங்கள். ஒவ்வொரு வயரும் பிளக்கைவிடத் தாழ்ந்து தொங்கி, பிறகு மேலேறிப் பிளக்குக்குப் போகட்டும். வயர் வழியாக வழியும் உப்புநீர் அந்தத் தாழ்ந்த இடத்தில் சொட்டிவிடும்.

தொட்டி லைனில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு கண்டதும் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம். எம்.சி.பி. வயரைத்தான் காக்கும், ஆளை அல்ல. ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில், பேட்டரியில் ஓடும்போதும் மெயின் போர்டு ஆர்.சி.சி.பி. காக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். இன்வெர்ட்டருக்குப் பிறகான லைனையும் எர்த்தையும் எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதியுங்கள். விளக்கு விழுந்தே விட்டால் முதலில் மெயினை அணைத்து, இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

கண்ணாடி மூடினதுலேர்ந்து தண்ணி சூடாகுது. லைட் மாத்தவே இல்லையே?

ஆவியாவது நின்றுபோனதுதான் காரணம். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 2.4 மெகாஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஒரு நாளில் ஒரு லிட்டர் என்றால் அது 28 வாட் குளிர்விப்புக்குச் சமம். தினம் 3 லிட்டர் ஆவியாகிக்கொண்டிருந்த தொட்டியை இறுக்கி மூடினால், வெளியேறிக்கொண்டிருந்த 84 வாட் உள்ளேயே தங்கும். சில்லர் இருந்தால் அந்தச் சுமை அதன் தலையில், உங்கள் கரண்ட் பில்லில் வந்து விழும்.

அதற்காக வலையைப் போட்டு விசிறியைத் திருப்பிவிட்டால் மே மாதத்தைச் சமாளிக்கலாம் என்றும் நினைக்காதீர்கள். காற்று 32 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் ஆவியாதலால் தண்ணீர் இறங்கக்கூடிய எல்லை ஏறத்தாழ 28 டிகிரி. பம்பும் விளக்கும் சேர்க்கும் சூட்டால் அதையும் எட்டாது. 26 டிகிரியில் பவளம் வைக்க நினைத்தால் சென்னையில் சில்லரோ ஏ.சி. அறையோ வேண்டும், வலை அதன் வேலையைக் குறைக்கும், அவ்வளவே.

வலை போட்டா உப்பு அளவு ஏறிக்கிட்டே போகுதே?

தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு அங்கேயே இருக்கும். 150 லிட்டரில் 3 லிட்டர் போனால், ஆயிரத்துக்கு 35 பங்கு என்ற உப்பளவு ஒரே நாளில் 35.7 ஆகும். தினமும் ஆர்.ஓ. தண்ணீர் சேர்த்து ஈடுகட்டுங்கள். உப்பு கலந்த நீரையோ போர் தண்ணீரையோ அல்ல. தானாக நிரப்பும் கருவி வைப்பது உத்தமம். தொட்டிக்கு அடியில் இருக்கும் அந்த ஆர்.ஓ. வாளியை மறக்காமல் மூடுங்கள். அசையாத தெளிந்த நல்ல தண்ணீர் டெங்கு கொசுவுக்கு முதல்தர இடம். மாநகராட்சி ஊழியர் வந்து எட்டிப் பார்த்தால் மாட்டுவது அந்த வாளிதான், தொட்டி அல்ல.

மூடினதுக்கப்புறம் பி.எச். காலைல ரொம்பக் கீழ போகுது. மூடிதான் காரணமா?

இறுக்கமான கண்ணாடி என்றால் ஒரு காரணம். இரவில் எல்லா உயிரும் மூச்சு விடும், கரியமில வாயு மூடிக்கும் நீருக்கும் இடையில் தேங்கி, தண்ணீரை அமிலப் பக்கம் இழுக்கும்; பி.எச். இறங்குவது அதனால்தான். ஏ.சி.க்காகக் கதவடைத்த அறையில் மனிதர்கள் விடும் மூச்சும் சேரும். பின்பக்கம் 3 செ.மீ. பட்டையை எடுத்து, அந்த இடத்தில் வலை பொருத்துங்கள். ஸ்கிம்மரின் காற்றுக்குழாயை ஜன்னலுக்கு வெளியே நீட்டினால் இன்னும் நல்ல பலன் கிடைக்கும்.

கரண்ட் போனா மூடியைத் திறக்கணுமா?

வலை என்றால் வேண்டாம். கண்ணாடி என்றால் முன்பாதியை எடுத்துவிட்டு, தொட்டியின் வாயில் வலை ஒன்றை விரியுங்கள். பம்ப் நின்ற தொட்டியில் மீன்கள் பதறிக் குதிக்கும் வாய்ப்பு அதிகம். வெதுவெதுப்பான கடல்நீரில் ஆக்ஸிஜன் ஏற்கெனவே குறைவு. பேட்டரி காற்று பம்பை உடனே ஓடவிடுங்கள்.

வீட்டுல கொசு மருந்து, கரப்பான் மருந்து அடிக்கும்போது வலை போதுமா?

போதாது. கொசுவலையைப் பற்றிச் சொன்ன அதே வகை மருந்துதான் பெரும்பாலான ஸ்ப்ரேயிலும் ஆவியாகும் திரவத்திலும் இருக்கிறது. தொட்டி உள்ள அறையில் இவற்றைப் பயன்படுத்தவே வேண்டாம். பக்கத்து அறையில் அடிக்கும் கட்டாயம் வந்தால் தொட்டியின் மேல் ஈரத்துணியோ பிளாஸ்டிக் தாளோ போர்த்தி, ஸ்கிம்மரையும் காற்று பம்பையும் நிறுத்துங்கள். வெளியில் மூடிவிட்டு அவை வழியாக மருந்தை உள்ளே இழுத்துக் குமிழாக விடுகிறவர்கள்தான் அதிகம். அலை பம்ப் ஓடட்டும். அறை காற்றாடிய பிறகு, ஒரு மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள்.

வலை மூடி பக்காவா இருக்கு. அப்பவும் மீன் வெளியில கிடந்துச்சு. எப்படி?

தண்ணீர் வழிந்து கீழே இறங்கும் வழிநீர்ப் பெட்டியின் மேல்பக்கம், வயர் நுழையும் மூலை, உணவு போட விட்ட ஓட்டை ஆகிய மூன்றையும் பாருங்கள். உடம்பின் தடிமன் அளவு இடைவெளி இருந்தால் மீனுக்குப் போதும். தரையில் இல்லாத மீன் சம்ப்பில் (தொட்டிநீர் வழிந்து சேரும் கீழ்த்தொட்டியில்) இருக்கலாம். முதலில் அங்கே தேடுங்கள்.

அடுத்து விளக்கைப் பாருங்கள். முழு வெளிச்சத்திலிருந்து ஒரே சொடுக்கில் இருட்டானால் மீன் திக்குத் தெரியாமல் பாயும். எல்.இ.டி.யில் 30 முதல் 60 நிமிடம் படிப்படியாக இறங்கும்படி நேரம் வையுங்கள். அந்த வசதி இல்லாத விளக்கு என்றால் அறை விளக்கைப் போட்டுவிட்டுத் தொட்டி விளக்கை அணையுங்கள்.

உப்பு கெட்டியா படிஞ்சு போச்சு. அப்படியே தண்ணி ஊத்தி உள்ளயே கழுவிவிடலாமா?

கூடாது. உப்புக் கட்டி பவளத்தின் மேல் விழுந்தால் அந்த இடம் வெந்துபோகும். மூடியைக் கழற்றிச் சமையலறைக் குழாயில் வெதுவெதுப்பான தண்ணீரில் காட்டுங்கள், உப்பு கரைந்துவிடும். கரையாமல் நிற்பது சுண்ணாம்பு. அதற்கு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சமபங்கு, பத்து நிமிடம், பிறகு நன்றாக அலசல். கண்ணாடிக்கு வாரம் ஒருமுறை, வலைக்கு மாதம் ஒருமுறை.

கண்ணாடியை எடுத்துட்டு வலை போட்டேன். பத்து நாள்ல பவளம் வெளுத்துப்போச்சு. வலைதான் நல்லதுன்னீங்களே?

வலை செய்த தவறு இல்லை, விளக்கைக் குறைக்காமல் மாற்றியதுதான். கண்ணாடியும் அதன் அடியிலிருந்த உப்புப் படலமும் தின்றுகொண்டிருந்த வெளிச்சம் முழுவதும் ஒரே நாளில் பவளத்தின் மேல் இறங்கியிருக்கிறது. அதே அதிர்ச்சி, இரண்டு மாதம் துடைக்காத கண்ணாடியைத் திடீரென்று சுத்தம் செய்தாலும் வரும்.

இப்போது செய்ய வேண்டியது: விளக்கை முன்பு இருந்த அளவில் 70 சதவீதத்துக்கு இறக்குங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை 5 சதவீதம் ஏற்றுங்கள். வெளுத்த பவளத்தைக் கீழே, நிழலுக்கு மாற்றுங்கள். ஆனால் தினம் ஒரு இடமாக மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். சதை பவளத்தின் சுண்ணாம்புக் கூட்டிலிருந்து உரியாமல் இருந்தால் நிறம் திரும்ப வாய்ப்பு உண்டு.

மோரே விலாங்கு வாங்கப்போறேன். அதுக்கும் வலையா?

அதற்கு மட்டும் நிபந்தனையோடு. விலாங்கு குதிக்காது, மூக்கால் தள்ளிப் பார்க்கும், நகர்கிற மூலையைக் கண்டுபிடித்து அங்கேயே முயலும். வெறுமனே வைத்த மூடி எதுவானாலும் ஒரு இரவில் திறந்துவிடும். நான்கு பக்கமும் பிளாஸ்டிக் கிளிப்போடு இறுக்கிய ஃபிரேம் வேண்டும். குழாய் மூலையில் உள்ள அக்ரிலிக் துண்டையும் ஃபிரேமோடு சேர்த்து நைலான் போல்ட் போட்டு முடுக்குங்கள். மூடியின் மேல் செங்கல்லைத் தூக்கி வைக்கிற வழக்கம் வேண்டாம். அது சரிந்தால் எங்கே விழும் என்று கீழே குனிந்து ஒருமுறை பாருங்கள்.